கோடி கொண்டுபோகாத அண்ணன்

என் தங்கைக்கு நான் செய்தது துரோகம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இந்நேரம் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். நான் அதை ஞானம் என்று நினைத்துச் செய்தேன். அதனால்தான் இன்றுவரை அது ஆறவே மாட்டேன் என்கிறது.

போடிநாயக்கனூரில் நான் கணக்கு வாத்தியார். ஐம்பத்து மூன்று வயது. சாமி விஷயத்தில் அதுவரை ஊர் ஊராக அலைந்தவன். எட்டு வருஷம் மாலை போட்டு மலைக்குப் போனேன். பழனிக்கு நடந்தேன். மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்து, சளி பிடித்து, பாதியில் ஓடிவந்தேன். எங்கே போனாலும் எனக்கு ஒரே குறைதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆள் மாதிரியே இருக்கும். உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதாகத் தோன்றாது.

அப்படிக் கூப்பிட்டது ஓர் ஏலக்காய்க் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே அத்வைத சைவம் பற்றி வகுப்பு நடக்கிறது என்று கூட வேலை பார்க்கும் அறிவியல் வாத்தியார் சொன்னார். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு நடத்தியவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விபூதிப் பட்டை கிடையாது, தாடி கிடையாது, அரைக்கைச் சட்டை. அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடையின் கீழ்த்தளத்தில் வாரம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். ஞாயிறு அவர்களுக்கு லீவு, வாசனைக்கு லீவு இல்லை. படியேறும்போதே மூக்கை நிறைக்கும். அவர் அதையே பிடித்துக்கொண்டார். "கீழ வேலை பாக்குற அம்மாமாருக்கு இந்த வாசனை தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "மூக்கும் இருக்கு, வாசனையும் இருக்கு. அதுக்குள்ளயே இருக்கறதால தெரியல. நாமளும் சிவத்துக்குள்ள அப்படித்தான் இருக்கோம். புதுசா எங்கயும் போய்ச் சேர வேண்டியதில்ல. இருக்கிற எடத்த அடையாளம் கண்டுக்கிட்டாப் போதும்" என்றார்.

நான் கேட்டு வளர்ந்த சைவத்தில் இறைவன், உயிர், கட்டு என்று மூன்று உண்டு. உயிர் கட்டை அறுத்துக்கொண்டு இறைவனிடம் போக வேண்டும். அதற்கு எத்தனை பிறவியோ, யார் கண்டது. இவர் சொன்ன சைவம் வடக்கே காஷ்மீரத்துப் பக்கம் வளர்ந்ததாம். அதில் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று உலகத்தைப் பொய் என்று தள்ளுவதுமில்லை. மலையும் மண்ணும் பஸ் ஸ்டாண்டும் என்னைத் திட்டுகிற தலைமையாசிரியரும் அது தானாகவே எடுத்துக்கொண்ட வடிவம். அதுவேதான் நானும். மறந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, பக்கத்தில் அறிவியல் வாத்தியார் வேறு. என் பதினேழாவது வயதில் அப்பா செத்ததிலிருந்து எனக்கு வீடு என்று ஒன்று மனசுக்குள் இருந்ததே இல்லை. அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று தோன்றியது. அதில் பொய் எதுவும் இல்லை. இவ்வளவு நடந்த பிறகும் அந்த நாளைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வீடு கிடைத்தவுடன் நான் செய்த முதல் காரியம், மற்றவர்கள் எல்லாம் தெருவில் நிற்கிறார்கள் என்று நினைத்தது.

மண்டைக்கனம் என்றால் சாதாரண மண்டைக்கனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்குவேன், அந்தச் சிரிப்பில் ஒரு இளக்காரம் இருக்கும். ஆசிரியர் அறையில் "சிவமே, டீ சொல்லவா?" என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று சுற்றுவட்டாரமே கொதித்துக் கிடந்தது. நாங்களோ மாடியில் உட்கார்ந்து அந்தத் துகளும் சிவம்தான் என்று பத்து நிமிஷத்தில் தீர்த்துவைத்துவிட்டுக் காபி குடித்தோம். என் மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வேன். அவள் திரியை நிமிண்டிக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்குது" என்பாள்.

என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தங்கையை ராசிங்காபுரத்தில் கொடுத்திருந்தோம். அவள் கணவருக்கு மூத்தவர் ஒரு அண்ணன். அண்ணன் கீழே ஊரில் இருந்து நஞ்சையைப் பார்த்துக்கொண்டார், தம்பி குரங்கணிக்கு மேலே ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சொத்து இன்னமும் காலமான அவர்கள் அப்பா பேரிலேயே, பிரிக்காமல் கிடந்தது. பிள்ளை இல்லை. இரண்டு பேருமாக அந்தச் சரிவிலேயே இருபத்திரண்டு வருஷம் கிடந்தார்கள். மாப்பிள்ளை சாதுவான மனுஷன், வாயைத் திறந்து பேச மாட்டார். தோட்டத்தை உண்மையில் நடத்தியது என் தங்கைதான். எந்தச் செடிக்கு நிழல் கூடுதல், எந்த மரத்தில் கிளை கழிக்க வேண்டும், தூரடியில் ஓடும் எந்தச் சிமிரில், அந்தக் காய்ச்சரத்தில், காய் முற்றியது என்று ஒவ்வொரு தூராகச் சொல்வாள். ஆட்களோடு அவளும் குனிந்து காய் எடுப்பாள். உலர்த்தும் ஸ்டோரில் சூடு எவ்வளவு என்பதைக் கதவில் கை வைத்தே சொல்லிவிடுவாள்.

வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை அங்கே போயிருந்தேன். மழைக்காலம். ஜீப்பில் எலும்பெல்லாம் கழன்று போய்ச் சேர்ந்தேன். வாசலில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாம் சிவம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் காலில் ஏறியிருந்த அட்டையைக் காட்டி, "அண்ணே, இந்த அட்டையும் சிவமா?" என்றாள்.

"ஆமா. அதுவும்தான்."

"என் ரத்தம்?"

"அதுவும்."

"சுண்ணாம்பு?"

"எல்லாந்தான், ஆத்தா."

"அப்பச் சரி" என்று அட்டையின்மேல் சுண்ணாம்பைத் தடவிச் சுண்டிவிட்டாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த வருஷம் ஒரு நாள் விடிந்ததும் அவர் ஸ்டோரில் விறகு தள்ளப் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ராசிங்காபுரத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நான் நின்றேன், தோள் கொடுத்தேன். அழவில்லை. அழாமல் இருந்ததை ஒரு தேர்ச்சி போல நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுபோக வேண்டும். கடையிலிருந்து வாங்கித் தண்ணீரில் நனைக்காத புதுச் சேலை. அண்ணன் தம்பி தட்டில் வைத்துக் கொண்டுபோவான். அவன் வீட்டுப் பெண் அதை எடுத்து, கணவனை இழந்தவளின் தோளில் போடுவாள். இதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நான் முப்பத்தைந்து வருஷமாக வெறுத்துக்கொண்டிருந்தேன்.

காரணம், அப்பாவின் கருமாதி. பந்தலுக்கு நடுவில் அம்மாவை உட்காரவைத்துப் பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். என் தாய்மாமன் ஒரு வெள்ளைக் கோடியோடு உள்ளே வந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து கண்மாய்க்கரைக்கு ஓடினேன். பொழுது சாய்ந்துதான் திரும்பினேன். அதற்குப் பிறகு அம்மா எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் நின்றதில்லை. எனக்குக் கோடி என்றால் அந்த வெள்ளைச் சேலைதான். ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைப்பதற்கான துணி.

இப்போது எனக்குக் கையில் தத்துவம் வேறு இருந்தது. செத்தது யார்? சிவத்துக்கு ஏது சாவு? சாவே இல்லை என்றால் விதவை ஏது? விதவையே இல்லை என்றால் கோடி எதற்கு? கணக்கு வாத்தியார் அல்லவா, மூன்றே வரியில் நிரூபித்துவிட்டேன்.

கருமாதிக்கு மூன்று நாள் முன்னால் தங்கை போன் செய்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. "அண்ணே, கோடி எடுத்திட்டியா?" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு? உன்னய மூலையில உக்கார வைக்கிற துணி அது. நான் வந்து எல்லாருக்கும் எடுத்துச் சொல்றேன்."

"நீ என்ன வேணும்னாலும் பேசுண்ணே. கோடியையும் கொண்டா" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்பது எங்கள் வீட்டில் முடியாது என்பதற்கு மரியாதையான சொல். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்து என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறாள்.

என் மனைவி என்னிடம் கேட்கவே இல்லை. கடைவீதிக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை எடுத்துவந்து, கருமாதியன்று காலையில் ஒயர் பையின் அடியில் வைத்தாள். மேலே துண்டைப் போட்டு மூடினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் பையைத் திறந்து பார்த்தேன். சேலையை எடுத்துப் பீரோவில் வைத்தேன். பை லேசாகிவிட்டால் தெரிந்துவிடுமே என்று, என் வகுப்பு நோட்டு, இருநூறு பக்க நோட்டு, அதை எடுத்து அதே இடத்தில் வைத்துத் துண்டைப் போட்டேன். எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறேன் பாருங்கள். பெரிய காரியம் ஒன்று செய்கிறேன் என்றுதான் இருந்தது.

ராசிங்காபுரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தங்கை நடுவில் பலகையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நுழைந்ததும் தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகு என் மனைவி கையிலிருந்த பையைப் பார்த்தாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. நிம்மதி. அதை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்து, "பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சா? வெரசா ஆகட்டும்" என்றார்.

என் மனைவி முன்னால் போனாள். பையில் கையை விட்டாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் விட்டாள். கையில் நோட்டு வந்தது. மேல் அட்டையில் நானே ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் 'சிவோகம்', அதாவது நானே சிவம், என்று எழுதியிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நோட்டைத் திரும்பவும் பையில் வைத்துவிட்டுப் போய் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

பந்தலில் சலசலப்பு. நான் எழுந்தேன். பேசினேன். வகுப்பில் ஏழு நிமிஷத்தில் சொல்வதைப் பதினைந்து நிமிஷம் சொன்னேன். என் மாப்பிள்ளை சாகவில்லை, உருவம் மாறியிருக்கிறது, சிவம் எங்கேயும் போவதில்லை, ஆகவே என் தங்கை எதையும் இழக்கவில்லை, அவளுக்குக் கோடி போடுவது அவளையும் சிவத்தையும் அவமானப்படுத்துவது என்று சொன்னேன். குரல் கணீரென்று வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நானே என் பேச்சில் சொக்கிப்போனேன். யாரும் குறுக்கே பேசவில்லை. கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

நான் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அண்ணன் தன் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த அம்மா உள்ளே போய்த் தன் பீரோவிலிருந்து, கட்டி மடித்த ஒரு பழைய சேலையை எடுத்துவந்து என் தங்கை தோளில் போட்டாள். அதைப் போடும்போது அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. என் தங்கை இரண்டு கையாலும் அந்தச் சேலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுச் சேலயவே போட்டாச்சு" என்றார் அண்ணன். "இனி அவ எங்க சொல்லுக்குள்ள இருந்துக்குவா. சோறு தண்ணிக்குக் கொறையில்ல. மேல தோட்டத்த நான் ஆள் வச்சுப் பாத்துக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதெப்படி? அந்தத் தோட்டம் அவ பாடுபட்டு வளத்தது. அவ பங்குக்கு என்ன வழி?" என்று எழுந்தேன்.

அப்போதுதான் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார். கோபமில்லை, கேலிகூட இல்லை. "வாத்தியாரே, உக்காருங்க. கோடி போட்டவன் கேக்க வேண்டிய கேள்வி அது. எங்க புள்ளைக்கு என்ன வழின்னு கேக்கறதுக்குத்தான் கோடியே. கேட்டா நாங்க பதில் சொல்லித்தான் ஆகணும். நீங்க கோடி போடல. சரி, அதக்கூட விடுங்க. யாரும் சாகலேன்னு இப்பத்தான சொன்னீக? ஆளு சாகலேன்னா பங்கு எதுக்குப் பிரிக்கணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவன், அவர் சொன்னபடி உட்கார்ந்தேன். என் நிரூபணத்தை அவர் ஒரே கேள்வியில் தோட்டத்தோடு சேர்த்து மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்தார்கள். தங்கை தலையைத் தூக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்சில் கூட்டமில்லை. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சில்லமரத்துப்பட்டி தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"உங்கப்பா கருமாதிக்கு எங்கப்பா கோடி கொண்டுவந்தாரே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கண்மாயில. தெரியும்ல."

"அதான். கோடி போட்ட கையோட எங்கப்பா பந்தல விட்டு நகரல. என் தங்கச்சிக்கும் ரெண்டு புள்ளைகளுக்கும் வழி சொல்லாம எல தொட மாட்டேன்னு உக்காந்தாரு. உங்க பெரியப்பாமாரு மத்தியானம் வரைக்கும் மழுப்புனாங்க. அப்புறந்தான் கிணத்தோட சேத்து அந்த ரெண்டு ஏக்கரு உங்கம்மா பேருக்கு வந்துச்சு. அதுல வெளஞ்சதுலதான் நீங்க காலேஜு போனீங்க. உங்க தங்கச்சிக்கு அப்ப எட்டு வயசு. அவ உங்கம்மா மடியிலதான் உக்காந்திருந்தா. எல்லாத்தையும் கேட்டவ."

"இத நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"மூணு தடவ ஆரம்பிச்சேன். மூணு தடவையும் நீங்க எனக்கு வகுப்பெடுத்தீங்க" என்றாள். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அந்த வெள்ளைக் கோடியைத் தகரப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்தாள். அதை ஒரு பெண்ணின் துயரம் என்று நினைத்து நான் பல தடவை மனம் உருகியிருக்கிறேன். அது அவளுடைய பட்டா. எனக்குச் சோறு போட்ட துணியைத்தான் நான் முப்பத்தைந்து வருஷம் காறித் துப்பியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, வேறு போக்கிடம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் ஆசைப்பட்டேன். பாராட்டினார்கள். "நூத்துல ஒருத்தருக்குத்தான் இந்தத் தைரியம் வரும்" என்றார் அறிவியல் வாத்தியார். வகுப்பு நடத்துகிறவர் என் தோளைத் தட்டி, "அவங்களுக்கு இன்னும் பக்குவம் வரல. நீங்க வருத்தப்படாதீங்க" என்றார்.

"சார், நீங்க முதல் நாள் சொன்னது என்ன? உலகம் பொய்யில்ல, அத்தனையும் சிவம் எடுத்துக்கிட்ட வடிவம்னு சொன்னீங்க. அப்ப அந்தச் சேலை யாரு? பலகையில உக்காந்து என் கையைப் பாத்தாளே, அவ யாரு? எனக்கு மட்டும் சிவம்னு பட்டம் கட்டிக்கிட்டு, அவளைப் பாக்காம விட்டுட்டேன் சார்" என்றேன்.

அவர் நல்ல மனிதர். அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம் என்றார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த மாடிக்குப் பிறகு போகவில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தை விட முடியவில்லை. அது தப்புச் செய்யவில்லையே. காலையில் எழுந்து கண்ணை மூடி உட்கார்ந்தால் இன்றைக்கும் அது என்னை உள்ளே கூப்பிடுகிறது. எனக்குத்தான் உள்ளே போகக் கூசுகிறது.

வக்கீலைப் பார்த்தேன். சட்டப்படி கணவன் பங்கு மனைவிக்குத்தான், வழக்குப் போட்டால் கிடைக்கும், அதற்குத் தங்கை கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "அண்ணே, கோர்ட்டுக்குப் போனா ராத்திரிக்கு நான் எந்த வீட்ல வந்து படுக்க? இருக்கட்டும். எனக்குச் சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும்போது, ராசிங்காபுரத்துக்குப் போனேன். பீரோவிலிருந்த அந்த அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டேன். என் மனைவியைக் கூப்பிட்டேன், வரவில்லை. "போட வேண்டிய அன்னைக்கு வந்தேன். இப்ப எதுக்கு?" என்றாள்.

தங்கை கொல்லைப்பக்கம் பத்துப் பதினைந்து ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற ஆட்களுக்குத் தூக்குவாளியில் கொடுத்துவிட வேண்டுமாம். தோட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். யாரோ ஒரு ஆள் என்றாள். "நெழலக் கழிக்காம விட்டுட்டான்கண்ணே. தூரு அழுகுதாம். ஜீப்புக்காரரு சொன்னாரு" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

சேலையை நீட்டினேன். "தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா" என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள், நூலைத் தடவிப் பார்த்தாள். "நல்ல சேலைண்ணே. மதினி எடுத்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அண்ணன் மனைவியிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அக்கா, அன்னைக்கு நீங்க உங்க சேலையக் குடுத்தீங்கள்ல. அதுக்குப் பதிலு, எங்கண்ணன் கொண்டுவந்திருக்காரு. நீங்க கட்டிக்கங்க."

திரும்பி வந்து மறுபடியும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

"வா, போடிக்குப் போயிரலாம். நம்ம வீடு இருக்கு. மாடி ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. வா ஆத்தா" என்றேன்.

அவள் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். கிண்டல் செய்யவில்லை. என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமே அவள் முகத்தில் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருந்த பிள்ளையைப் போலத்தான் கேட்டாள்.

"அங்க மட்டும் என்னண்ணே இருக்கு? எல்லா எடமும் ஒரே எடந்தான்னு நீதான சொன்ன? எனக்கு இந்த அடுப்படி போதும்."

இதற்கு எங்கள் தத்துவத்தில் பதில் இருக்கிறது. நோட்டில் எத்தனையாவது பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ்சுக்கு நடந்தேன்.